இரண்டு பிறை, ஒரு பரீட்சை

1

ஹஜ் மாதத்துப் பிறை பற்றி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேற்றே பேச்சு ஆரம்பித்துவிட்டது. காக்கா, அதாவது என் அண்ணன், சர்வதேசப் பிறைக்காரர். உலகத்தில் எந்த மூலையில் தெரிந்தாலும் அது அவருக்கும் தெரிந்த பிறைதான். தம்பி ஜமால் தமிழகப் பிறைக்காரன். நம்ம வானத்தில் நம்ம ஆட்கள் கண்ணுக்குத் தட்டுப்பட்டால்தான் மாதம் பிறக்கும் என்பான். ஆளுக்கொரு குரல் பதிவு போட்டார்கள். ஒவ்வொன்றும் வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் பயான் நீளம். நடுவில் உம்மா ஒரு பதிவு போட்டு, எல்லார் வீட்டிலும் இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நான்தான் மீன் குழம்பு என்றேன். உண்மையில் ரொட்டியும் முட்டையும்தான்.

எங்கள் ஊர் பெரியபட்டினத்தில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது. நம் பக்கத்தில் நோன்பு வைக்காத வீடு இருக்கலாம், பிறைச் சண்டை போடாத வீடு கிடையாது. நான் சொல்ல வந்தது வேறு. அந்தச் சண்டை ஏழு கடல் தாண்டி, ஸ்காட்லாந்தில் அபர்டீன் என்கிற இந்தக் குளிர்ந்த ஊருக்கு வந்து, என்னுடைய இயற்பியல் பரீட்சைக்குள் மூக்கை நுழைத்த கதை. போன நோன்புப் பெருநாளில் நடந்தது.

2

என் பெயர் ஹமீதா. வயது நாற்பதைத் தாண்டி நான்கைந்து வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் சுல்தான், கடலுக்குள் எண்ணெய் எடுக்கிற மேடைகளுக்குச் சாமான் அனுப்பும் கம்பெனியில் இருக்கிறார். மகள் நஸ்ரின் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். நான் பகலில் ஒரு மருந்துக்கடையில் கல்லாவில் உட்காருகிறேன். வாரத்தில் இரண்டு சாயங்காலம் பல்கலைக்கழகத்துக்குப் போய் இயற்பியல் படித்தேன்.

எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. ஊரில் ஒரு மாமி, ராக்கெட் விடப் போறியாக்கும் என்றார். இங்கே குடியேற்ற அலுவலகத்தில் ஒருவர், இந்தப் படிப்பு உங்கள் வேலைக்கு எப்படி உதவும் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். மாத்திரைப் பட்டையை ஸ்கேன் செய்வதற்கு இது உதவாது என்று நானும் மரியாதையாகவே சொன்னேன். ராமநாதபுரத்தில் பிளஸ் டூ படித்தபோது எனக்குப் பிடித்த பாடம் இது. முடிவு வருவதற்கு முன்னாலேயே நிக்காஹ் முடிந்து வளைகுடாவுக்குப் போய்விட்டேன். பிடித்ததைப் படிக்க இப்போதுதான் நேரம் கிடைத்தது. வேறு காரணம் இல்லை.

டிப்ளமோ கிடைக்க ஒரே ஒரு தாள் பாக்கி இருந்தது. சார்பியல். அந்தத் தாளை வருஷத்துக்கு ஒரு முறைதான் வைப்பார்கள், நேரில் வந்துதான் எழுத வேண்டும். இலையுதிர் காலத்தோடு சுல்தானுக்கு இங்கே ஒப்பந்தம் முடிகிறது. அப்புறம் கத்தார். அங்கே போய் உட்கார்ந்துகொண்டு அபர்டீனில் பரீட்சை எழுத முடியாது. ஆக, இந்த வசந்தத்தில் எழுதினால் உண்டு, இல்லாவிட்டால் அத்தனை சாயங்காலமும் ஆற்றில் கரைத்த புளிதான்.

3

வகுப்பில் அதிகம் கேள்வி கேட்டது நான்தான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மற்றவர்களுக்குப் புரிந்தது, எனக்குப் புரியவில்லை.

டியூட்டர் பெயர் கேலம். மெலிந்த பையன், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன் இருப்பான். அவன் ஒன்றைச் சொல்லி முடித்து என்னைப் பார்ப்பான். நான் நம் ஊர் வழக்கப்படி, ஆமாம் ஆமாம் என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவேன். இவளுக்குப் புரியவில்லை போல என்று மறுபடி முதலில் இருந்து சொல்வான். இதனால் ஒவ்வொரு பாடமும் எனக்கு இரண்டு தடவை கிடைத்தது. விஷயம் தெரிந்த பிறகும் நான் தலையாட்டுவதை மாற்றிக்கொள்ளவில்லை.

டென்சர் என்று ஒன்று வந்தது. எழுத்தின் தலையில் ஒரு குட்டி எண், காலில் ஒரு குட்டி எண். தலையில் இரண்டு இருந்தால் அது வர்க்கம் என்று எட்டாம் வகுப்பில் இருந்து படித்தவள் நான். இங்கே அது வர்க்கம் இல்லையாம், வரிசையில் இரண்டாவது என்று அர்த்தமாம். சரி, அப்படியானால் வர்க்கத்தை எப்படி எழுதுவது என்று கேட்டேன். அதையும் அப்படியேதான், இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றான். வீட்டுக்கு வந்து நஸ்ரினிடம் புலம்பினேன். அவளுக்கு உயிரியல்தான் பிடிக்கும், ஆனால் கணக்கு கையில் வந்து விழும். ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு, மேலேயும் கீழேயும் ஒரே எழுத்து வந்தால் கூட்டிவிடுங்கள் உம்மா, ரொம்ப யோசிக்காதீர்கள் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் பெற்ற பிள்ளை எனக்கு டியூஷன் எடுக்கிறது, அதுவும் அவசரத்தில்.

இதைவிடப் பெரிய அடி கூட்டல் கழித்தலில் விழுந்தது. காலத்தையும் தூரத்தையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுவார்கள், அதில் ஒன்றுக்குக் கழித்தல் குறி. எதற்கு என்பதில்தான் வம்பு. ஒரு புத்தகம் காலத்துக்குக் கழித்தல் போடுகிறது. இன்னொரு புத்தகம் தூரத்துக்குப் போடுகிறது. இரண்டும் பெரிய பெரிய ஆட்கள் எழுதியவை. எது சரி என்று கேட்டேன். இரண்டும் சரி, ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அதிலேயே இருங்கள் என்றான் கேலம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கேயும் இரண்டு ஜமாஅத்.

ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுப்பாடத்தில் முதல் பாதியை ஒரு புத்தகத்தைப் பார்த்தும் பின் பாதியை மற்றதைப் பார்த்தும் போட்டுவிட்டேன். ஒரு துகளின் நிறையின் வர்க்கம் கழித்தலில் வந்து நின்றது. சவூதியில் நோன்பை ஆரம்பித்து, விமானம் ஏறி ஊருக்கு வந்து, ஊர்ப் பிறைக்குப் பெருநாள் கொண்டாடி, முப்பதைத் தாண்டக் கூடாத மாதத்தில் முப்பத்தொரு நோன்பு வைத்தவர்கள் நம் தெருவில் நாலு பேர் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் சேர்ந்தேன்.

4

பிறகு ரயில் வந்தது. ஓடும் ரயிலின் இரண்டு முனையிலும் மின்னல் விழுகிறது. தரையில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே நேரம். ரயிலில் நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்று முந்தி, ஒன்று பிந்தி. யாருடைய நேரம் நிஜம் என்று கேட்டேன். இருவருடையதும் என்றான். அதெப்படி, ஒரு ஆள் தப்பாகத்தானே இருக்க வேண்டும் என்றேன். இல்லை, எல்லாருக்கும் பொதுவான ‘இப்போது’ என்று ஒன்று கிடையாது என்றான். அன்றைக்குப் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

எனக்கு அதில் ஒரு தனி ஆசை வந்ததற்குக் காரணம் என் காக்காவும் தம்பியும். வாப்பா மவுத்தாவதற்கு முந்தி, பெருநாள் மதியம் எங்கள் வீட்டில் ஒரே சஹன். பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் கொட்டி, நடுவில் கறியை வைத்து, வீட்டு ஆட்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை போடுவோம். கறித்துண்டை உம்மாதான் பிரித்துத் தள்ளுவார். வாப்பாவுக்குப் பிறகு, பிறை இரண்டானது. காக்காவுக்குப் பெருநாள் என்றால் அன்றைக்கு அவர் நோன்பு வைப்பது கூடாது. அதே நாள் ஜமாலுக்குக் கடைசி நோன்பு, விடுவது கூடாது. ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் எப்படி உட்கார்வது? முதல் வருஷம் வாய்த் தகராறு ஆனது. என் நோன்பு நாளில் என் வீட்டிலேயே பிரியாணியா என்றான் தம்பி. பெருநாளில் நோன்பு வைக்கிறவனுக்கு என்ன சொல்வது என்றார் காக்கா. அதில் இருந்து பெருநாள் அன்றைக்குக் காக்கா புதுமடத்தில் மாமியார் வீட்டோடு இருந்துவிடுவார். மற்ற நாளில் இரண்டு பேரும் ஒரே பைக்கில் போவார்கள். உம்மா இரண்டு நாளும் ஆக்குகிறார். முதல் நாள் ஆக்கியதைத் தூக்குவாளியில் புதுமடத்துக்கு அனுப்புகிறார். அன்றைக்கு அவர் நோன்பு வைத்திருந்தாரா, கரண்டியை விட்டு ருசி பார்த்தாரா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அதனால் கேலம் சொன்னதைக் கேட்டதும் எனக்குக் கை துறுதுறுத்தது. குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். விஞ்ஞானமே சொல்கிறது, நேரம் என்பது ஆளுக்கு ஆள் வேறு, நீங்கள் இருவரும் சரி, ஆகவே சண்டை வேண்டாம் என்று. இரண்டு பேரும் சரியென்றால் அதை அவனிடம் சொல் என்றார் காக்கா. அதை அவர்கிட்ட சொல்லு ராத்தா என்றான் தம்பி.

அடுத்த வகுப்பில் இதைக் கேலமிடம் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, மன்னிக்க வேண்டும், இதில் சார்பியல் ஒரு துளி கூட இல்லை என்றான். பூமியிலும் நிலாவிலும் அந்த வித்தியாசம் கண் சிமிட்டும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட வராதாம். உங்கள் அண்ணன் தம்பிக்கு இடையில் இருப்பது விதியில் உள்ள வித்தியாசம், அதை அவர்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும் என்றான். பதிவை அழிக்கலாம் என்று பார்த்தேன். அதற்குள் காக்கா அதை அவருடைய ஜமாஅத் குழுவுக்கு அனுப்பியிருந்தார்.

5

நோன்பு பாதி தாண்டியபோது பரீட்சைத் தேதி வந்தது. பார்த்தால், பெருநாள் வரக்கூடிய இரண்டு நாட்களில் முதல் நாள். நஸ்ரின், பல்கலைக்கழகத்தில் மதப் பண்டிகைக்குச் சலுகை உண்டு, கேட்டால் மறுநாள் தனியாக எழுத விடுவார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னாள். தேர்வுப் பிரிவுக்குப் போன் செய்தேன். ஒரு அம்மாள் எடுத்தார். நல்ல குரல்.

பண்டிகை எந்தத் தேதி என்று கேட்டார். இதுவா அதுவா, இரண்டில் ஒன்று என்றேன். எப்போது தெரியும் என்றார். முந்தின நாள் மஃரிபுக்குப் பிறகு என்றேன். மஃரிப் என்றால் சூரியன் மறைந்ததும் தொழுவது என்று விளக்கினேன். எப்படித் தெரியும் என்றார். யாராவது பிறையைப் பார்ப்பார்கள் என்றேன். பிறகு, யார் என்று கேட்டார். காலகாலமாக நம் ஜமாஅத்துகள் முட்டிக்கொள்ளும் கேள்வியை அந்த அம்மாள் இரண்டு நிமிஷத்தில் பிடித்துவிட்டார். எனக்கு அவர் மேல் மரியாதையே வந்தது.

இருந்தாலும் ஒரு தேதி வேண்டும், இந்த வாரத்துக்குள் வேண்டும், கொடுத்த பிறகு மாற்ற முடியாது என்றார். ஒரு மதம் தன் பண்டிகை எந்த நாள் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா என்று கேட்டார், குறையாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். வருஷத்துக்கு இரண்டு முறை ஒரு மணி நேரத்தை முன்னும் பின்னும் திருப்பி வைத்து, நாடு முழுக்க அதை நம்பி எழுந்திருக்கும் ஊரில் இருந்து இந்தக் கேள்வி வருகிறது. நான் அதைச் சொல்லவில்லை. பரீட்சை என்னுடையது.

சாயங்காலம் வீட்டில் ஆலோசனை நடந்தது. சுல்தான், அல்லாஹ் நாடியபடி நடக்கும் என்று சொல்லிவிட்டுப் பேரீச்சம்பழத்தை எடுத்துக்கொண்டார். நஸ்ரின் கைபேசியைத் திறந்தாள்.

"கணக்குல க்ளியரா இருக்கு உம்மா. முதல் நாள்தான். எதுக்கு வானத்தைப் பாக்கணும்?"

ஒன்பது மாதமாக வானத்தின் கணக்கைப் படித்தவள், கணக்கை நம்பாமல் எப்படி இருப்பது? முதல் நாளையே எழுதிக் கொடுத்தேன். பரீட்சை இரண்டாம் நாளுக்கு மாறியது.

6

இருபத்தொன்பதாவது நோன்பு அன்றைக்கு இங்கே வானம் கஞ்சிச் சட்டியின் அடி மாதிரி கிடந்தது. எங்கள் பள்ளிவாசல் சவூதி அறிவிப்பின்படி நடப்பது. சவூதியில் பிறை தெரியவில்லை. முப்பது பூர்த்தி. பெருநாள் இரண்டாம் நாள்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். பெருநாளுக்கென்று சுல்தான் வேலைக்கு லீவு. நஸ்ரின் பள்ளிக்கு லீவு. நான் பரீட்சைக்கு லீவு. மூன்று பேரும் நோன்போடு சோபாவில் உட்கார்ந்திருந்தோம். புதுத்துணி கதவில் தொங்கியது. கணக்கு சரிதான், அவர்கள்தான் பார்க்கவில்லை என்றாள் நஸ்ரின். அவளும் ஒரு ஜமாஅத் ஆரம்பித்துவிட்டாள் என்றார் சுல்தான்.

தேர்வுப் பிரிவு திறந்ததும் போன் செய்தேன். அதே அம்மாள். பெருநாள் நாளைக்குத் தள்ளிப் போய்விட்டது, இதோ பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன், இன்றைக்கே எழுதுகிறேன் என்றேன். அவர் வருத்தப்பட்டார். பட்டியலில் என் பெயர் இல்லை, நாளைக்கு எனக்கென்று தனி அறை, தனி மேற்பார்வையாளர் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது என்றார். மேடம், உங்களுக்குப் பெருநாள் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றார். கடைசியில் வாழ்த்தும் சொன்னார். பசியோடு நன்றி சொன்னேன்.

சரி, பெருநாளில் ஒரு பரீட்சை, எழுதிவிட்டு வந்து பிரியாணி ஆக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் உம்மா போன் செய்தார். ஊரில் அப்போது இரவுத் தொழுகை முடிந்திருந்தது. வழக்கமாகக் காதுக்கு எட்டாத மாதிரி பேசுகிறவர், அன்றைக்குக் கத்தினார்.

ஊரில் பிறை தெரிந்துவிட்டது. ஜமாலுக்கு அன்றைக்கு இருபத்தொன்பதாவது நோன்பு. ஒரு நாள் முந்தி ஆரம்பித்த காக்காவுக்கு முப்பதாவது. இரண்டு பேருக்கும் நாளைக்குப் பெருநாள். ஒரே நாள். காக்கா புதுமடத்தில் இருந்து தானாகவே போன் செய்து, மதியச் சோற்றுக்கு வாரேன் என்று சொல்லியிருக்கிறார்.

"சஹன் வைக்கிறேன் புள்ள. நீ போன்ல வந்துரு. நீ தெரியுற மாதிரி போனை எனக்குப் பக்கத்துல சாத்தி வைக்கச் சொல்லியிருக்கேன்."

அங்கே மதியச் சாப்பாட்டு நேரம், இங்கே காலை, நான் பரீட்சை அறைக்குள் இருக்கும் நேரம். போனை அணைத்துப் பைக்குள் போட்டுப் பையை மூலையில் வைத்துவிட வேண்டும். அதைச் சொன்னேன். ரெண்டு மூணு மணி நேரம் தள்ளி வைக்கலாமா உம்மா என்று கேட்டேன்.

"ஏலாதும்மா. ரெண்டு பேரும் ஒரே நாள்ல வந்து உக்காருறதே பெருசு. காக்க வெச்சம்னா, சும்மா இருக்க மாட்டாம எவனாச்சும் பிறையப் பத்திப் பேச்செடுப்பான். ஒருத்தன் எந்திரிச்சுப் போயிருவான்."

உம்மா சொன்னதில் தப்பே இல்லை. போகாமல் விட்டுவிடலாமா என்று நான் நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன், போனிலேயே சொல்லியும் விட்டேன். சுல்தான் எதுவும் சொல்லவில்லை, என்ன சொன்னாலும் வருஷக் கணக்கில் சொல்லிக் காட்டுவேன் என்று அவருக்குத் தெரியும். உம்மாதான், போய் எழுது, பாதியில விடாத, ஒரு தடவை விட்டது போதும் என்றார். பிளஸ் டூவோடு நின்ற படிப்பைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

7

பெருநாள் தொழுகை முடித்து, புதுத்துணியோடு, அத்தர் வாசனையோடு போய்ப் பரீட்சை எழுதினேன். அந்தப் பெரிய அறையில் நானும் மேற்பார்வைக்கு வந்த ஒரு தாத்தாவும்தான். அவர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என் சுரிதாரைப் பார்த்து, இன்றைக்கு ஏதும் விசேஷமா என்றார். பதிவேட்டின்படி நேற்றுத்தான் விசேஷம் என்றேன். அவர் தலையசைத்துவிட்டுக் குறுக்கெழுத்துக்குத் திரும்பினார்.

நாலாவது கேள்வி ரயில்தான், விண்கலமாக மாறுவேஷம் போட்டு வந்திருந்தது. இரண்டு இடத்தில் நடக்கும் இரண்டு சம்பவம் ஒருவருக்கு ஒரே நேரமாகவும் இன்னொருவருக்கு வேறு நேரமாகவும் இருக்கும் என்று நிரூபி. நிரூபித்தேன். குறியைக் கடைசி வரை மாற்றவில்லை. அதில் ஒரு சின்னப் பிரிவு: எந்த நிலையில் இருவரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொள்வார்கள்? இரண்டு சம்பவமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடந்தால். ஒரு வரியில் எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

போன வாரம் முடிவு வந்தது. நல்ல மதிப்பெண்ணோடு தேறிவிட்டேன். சந்தோஷம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். கேலம் எனக்கு எழுதிய வாழ்த்தில், அண்ணன் தம்பியைக் கேட்டதாகச் சொல்லவும் என்றிருந்தான்.

ஆனால் அன்றைக்கு வெளியே வந்து, கார் நிறுத்தும் இடத்தில் நின்று போனைத் திறந்தபோது, உம்மாவின் எண்ணில் இருந்து தவறிய அழைப்புகள் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. ஜமால் ஒரு படம் அனுப்பியிருந்தான். முகம் எதுவும் இல்லை. நடுவில் சஹன், சுற்றிக் கைகள். காக்காவின் கையை வாட்ச்சை வைத்துக் கண்டுபிடித்தேன். அதற்கு நேர் எதிரில் தம்பியின் கை. உம்மாவின் கை காக்காவின் பக்கம் ஒரு துண்டைத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் அழுதேன். பக்கத்துக் காரில் ஏறப் போன ஒரு பெண், பரீட்சை அவ்வளவு கஷ்டமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

உடனே உம்மாவைக் கூப்பிட்டேன். அதற்குள் சஹனைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது, காக்கா அஸர் தொழுகைக்குப் புதுமடம் திரும்பிவிட்டார். யாரும் பிறையைப் பற்றிப் பேசவில்லையாம். மழையைப் பற்றியும் மீனுக்குப் போடும் ஐஸ் விலையைப் பற்றியும் பேசினார்களாம். ஜமால் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினானாம். எல்லாம் சொல்லிவிட்டு, என்ன எழுதினாய் என்று கேட்டார்.

"ரெண்டு எடத்துல நடக்குறதை, ஒரே நேரத்துலதான் நடந்துச்சுன்னு எல்லாருக்கும் பொதுவா சொல்ல முடியாதுன்னு எழுதுனேன் உம்மா."

உம்மா பாத்திரம் அடுக்குகிற சத்தம் கேட்டது.

"இங்கன ஒரே எடத்துலதான்மா நடந்துச்சு," என்றார். "நீதான் இல்ல."